இதயத்தை அடக்கி வைக்கும் மூளைத்தண்டு: வேகஸ் நரம்பின் வழியே நடப்பது என்ன?

கேள்வி இதுதான்: இதயம் தானாகவே துடிக்கும் உறுப்பு என்றால், அதன் வேகத்தை மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு எப்படிக் கட்டுப்படுத்துகிறது? அங்கிருந்து இதயம் உள்ளிட்ட உறுப்புகளுக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் பங்கு என்ன? வேகஸ் நரம்பைத் தூண்டும் பயிற்சிகள் என்று இப்போது பரவலாகச் சொல்லப்படுபவற்றால் நாடித்துடிப்பு உண்மையிலேயே குறையுமா? மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறது. மூளைத்தண்டு இதயத்தைத் துடிக்கச் செய்வதில்லை. விட்டால் வேகமாகத் துடித்துக்கொண்டிருக்கும் ஓர் இதயத்தை அது இடைவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. ஓய்வில் நம் நாடி நிமிடத்துக்கு 70 என்று இருப்பது இதயத்தின் சொந்த வேகம் அன்று, அந்த அடக்குதலின் விளைவு.

வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்துக்கு அருகே, சைனஸ் கணு என்னும் சிறு திசுப்பகுதி இருக்கிறது. அதன் செல்களில் மின்னழுத்தம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் தானாகவே மெல்ல ஏறி, ஓர் எல்லையைத் தொட்டதும் அடுத்த துடிப்பைத் தொடங்கி வைக்கிறது. இதற்கு எந்த நரம்பின் ஆணையும் தேவையில்லை. இதய மாற்று அறுவை சிகிச்சையில் நரம்புகள் அனைத்தும் வெட்டப்பட்டுத்தான் புதிய இதயம் பொருத்தப்படுகிறது. அப்படிப் பொருத்தப்பட்ட இதயம் ஓய்விலும் பெரும்பாலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கிறது. நலமான மனிதர்களுக்கு, இதயத்தை முடுக்கும் பரிவு நரம்பின் விளைவையும் அடக்கும் வேகஸின் விளைவையும் மருந்துகளால் ஒரே நேரத்தில் தடுத்து அளந்தவர்கள், 1970இல் ஒரு வாய்ப்பாட்டைத் தந்தார்கள்: 118.1இலிருந்து, வயதை 0.57ஆல் பெருக்கி வரும் எண்ணைக் கழித்தால் கிடைப்பதே இதயத்தின் சொந்த வேகம். இதன்படி 20 வயதில் அது ஏறத்தாழ 107, 60 வயதில் ஏறத்தாழ 84. இருபது வயது இளைஞர் ஒருவர் 65 என்ற நாடியோடு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஒவ்வொரு நிமிடமும் நாற்பதுக்கு மேற்பட்ட துடிப்புகளை அவருடைய மூளைத்தண்டு தடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பரிவு நரம்பு வேகத்தைக் கூட்டும், வேகஸ் உள்ளிட்ட எதிர்ப்பரிவு நரம்பு குறைக்கும் என்று இரண்டையும் சம வலிமை உள்ளவையாகப் பாடநூல்கள் எழுதிவிடுவது எனக்கு எப்போதுமே குறையாகத்தான் படுகிறது. ஓய்வில் இருக்கும் மனிதரிடம் ஓங்கியிருப்பது வேகஸின் கைதான்.

ஒரு நரம்பைத் தூண்டினால் உறுப்பு இயங்கும் என்றுதான் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நம்பினார்கள். 1845இல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர், எட்வர்ட் வேபர் என்னும் ஜெர்மானியச் சகோதரர்கள் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது இதயம் மெதுவாகி நின்றே போனது. நரம்பு ஓர் உறுப்பை அடக்கவும் கூடும் என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான சான்று அது. அடக்குவது எதனால் என்பதை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஓட்டோ லோவி 1921இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு தவளையின் இதயத்தை வேகஸ் வழியே தூண்டி மெதுவாக்கி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளையின் இதயத்தில் செலுத்தினார். நரம்புத் தூண்டல் எதுவும் பெறாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. ஆகவே நரம்பின் முனை ஒரு வேதிப்பொருளை வெளியிடுகிறது என்று ஆயிற்று. அது அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியானது. லோவியும் இங்கிலாந்தின் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இனி மூளைத்தண்டுக்குள் போவோம். தண்டுவடத்துக்கு நேர் மேலே இருக்கும் முகுளத்தில்தான் வேகஸின் இதய நரம்பணுக்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் துடிப்பின் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு வகிப்பவை நியூக்ளியஸ் அம்பிகுவஸ் என்னும் திரளிலும் அதை ஒட்டியும் இருப்பவை. முகுளத்தின் பின்புறத்தில் இருக்கும் முதுகுப்புற வேகஸ் திரளிலிருந்தும் இதயத்துக்கு இழைகள் வருகின்றன. அவை மெதுவாகச் செய்தி கடத்தும் மெல்லிய இழைகள், துடிப்பு வேகத்தில் அவற்றின் பங்கு குறைவு என்றே விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. முகுளத்திலிருந்து புறப்படும் வேகஸ், மண்டையோட்டின் அடியில் உள்ள துளை வழியே வெளியேறி, கழுத்தில் பெரிய தமனியோடும் சிரையோடும் ஒரே உறைக்குள் இறங்கி மார்பை அடைகிறது. அதன் இழைகள் நேராக சைனஸ் கணுவில் முடிவதில்லை. இதயத்தின் மேற்பரப்பில் கொழுப்புத் திட்டுகளுக்குள் புதைந்திருக்கும் சிறு நரம்பு முடிச்சுகளில் முடிகின்றன. அங்கிருந்து புறப்படும் குட்டையான இரண்டாவது நரம்பணுக்களே கணுவைத் தொடுகின்றன. வலது வேகஸின் ஆதிக்கம் சைனஸ் கணுவில் கூடுதலாகவும், இடது வேகஸின் ஆதிக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின் அலையைக் கடத்தும் ஏ.வி. கணுவில் கூடுதலாகவும் காணப்படுகிறது. ஆனால் இது முழுமையான பங்கீடு அன்று.

நியூக்ளியஸ் அம்பிகுவஸில் உள்ள இந்த இதய நரம்பணுக்களைப் பற்றி வியப்பான செய்தி ஒன்று உண்டு. சைனஸ் கணுவைப் போல அவை தாமாகத் தாளம் எழுப்புபவை அல்ல. உள்வரும் செய்திகளை நிறுத்திவிட்டால் அவை ஓசையற்று இருந்துவிடும். அப்படியானால் இதயத்தை இடைவிடாமல் அடக்கும் ஆற்றல் அவற்றுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? இதயத்திலிருந்தே கிடைக்கிறது என்பதுதான் விடையின் பெரும்பகுதி.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் பெருந்தமனியின் வளைவும், கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள கரோட்டிட் சைனஸ் என்னும் புடைப்பும் (இது வேறு, சைனஸ் கணு வேறு) சற்றே விரிகின்றன. அவற்றின் சுவரில் பதிந்துள்ள அழுத்த உணர்விகள் அந்த விரிவை நரம்புத் துடிப்புகளாக மாற்றுகின்றன. கழுத்துத் தமனியின் செய்தி ஒன்பதாவது கபால நரம்பின் வழியாகவும், பெருந்தமனி வளைவின் செய்தி வேகஸின் வழியாகவும் முகுளத்தை அடைகின்றன. வேகஸ் கீழ்நோக்கி ஆணை கொண்டுபோகும் நரம்பு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது; அதன் இழைகளில் பெரும்பகுதி உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுவருபவைதாம். இரண்டு செய்திகளும் முகுளத்தில் சாலிட்டரி திரளில் சேர்கின்றன. அங்கிருந்து ஒரு பாதை குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளின் உதவியால் நியூக்ளியஸ் அம்பிகுவஸின் இதய நரம்பணுக்களை நேராகத் தூண்டுகிறது, இதயம் மெதுவாகிறது. இன்னொரு பாதை முகுளத்தின் பக்கவாட்டுக் கீழ்ப்பகுதியில் ஓர் இடைநிலையத்தைத் தூண்ட, அந்த இடைநிலையம் பரிவு நரம்புகளை முடுக்கிக்கொண்டிருக்கும் அணுக்களை காபா என்னும் தடுப்பு வேதிப்பொருளால் அடக்குகிறது. இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. ஆக, இரத்த அழுத்தம் ஏறினால் ஒரே செய்தி இருவழிகளில் கிளைத்து, ஒன்று இதயத்தை அடக்குகிறது, மற்றொன்று குழாய்களைத் தளர்த்துகிறது.

இந்தச் சுற்று மிகையான அழுத்தம் வந்தால் மட்டும் விழித்துக்கொள்வது அன்று. இயல்பான அழுத்தத்திலும் ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் உணர்விகள் பேசிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பேச்சுதான் வேகஸ் அணுக்களை உயிர்ப்போடு வைத்திருக்கிறது. படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. கழுத்துத் தமனி விரிவது குறைகிறது. உணர்விகளின் பேச்சு தணிகிறது. வேகஸ் அணுக்கள் தூண்டல் இழந்து ஓய்கின்றன. நாடி உடனே ஏறுகிறது. பொதுவாக எழுந்து நின்ற 15ஆவது துடிப்பை ஒட்டி நாடி உச்சத்தைத் தொட்டு, அழுத்தம் மீண்டதும் 30ஆவது துடிப்பை ஒட்டிச் சற்றே இறங்கும். இந்த ஏற்ற இறக்கமே மருத்துவத்தில் வேகஸின் நலத்தை அளக்கும் ஒரு சோதனையாகப் பயன்படுகிறது.

மூச்சு இதில் எங்கே வருகிறது? மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு ஆழமாக மூச்சிழுத்தால் நாடி விரைவதையும், வெளிவிட்டால் தணிவதையும் பெரும்பாலான இளைஞர்கள் உணர முடியும். 1847இல் கார்ல் லுட்விக் நாயின் நாடியையும் மூச்சையும் கருவியில் பதிவு செய்து இதைக் காட்டினார். இதற்கு மார்புக்குள் அழுத்தம் மாறுவது ஒரு காரணமே என்றாலும், முதன்மையான காரணம் முகுளத்துக்குள்ளேயே இருக்கிறது. மூச்சின் தாளத்தை எழுப்பும் அணுக்களும் இதய வேகஸ் அணுக்களும் அங்கே அண்டை வீட்டுக்காரர்கள். உள்மூச்சின்போது மூச்சு அணுக்கள் வேகஸ் அணுக்களின் மேல் தடுப்பு வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அந்நேரத்தில் அழுத்த உணர்விகள் எவ்வளவு பேசினாலும் அது வேகஸ் அணுக்களை எட்டாமல் போகிறது. உள்மூச்சு முடிந்து காற்று வெளியேறத் தொடங்கும் கணத்தில் தடுப்பு விலகி, அவை மீண்டும் உரக்கச் செய்தி அனுப்புகின்றன. இது நோய் அன்று, நலத்தின் அடையாளம். இளம் வயதில் இந்த ஏற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும், வயது ஏற ஏறக் குறையும்.

ஒவ்வொரு மூச்சுக்கும் ஏற்ப நாடியை மாற்றுவது வேகஸால் மட்டுமே முடிகிற செயல். காரணம் வேதியியலில் இருக்கிறது. நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின், கணுவின் செல்களில் எம்2 வகை ஏற்பியைத் தொடுகிறது. அதனோடு இணைந்த ஜி புரதத்தின் ஒரு பகுதி பிரிந்து, செல்சவ்வின் ஓரமாகவே நகர்ந்து, பொட்டாசியம் வாயில்களைத் திறந்துவிடுகிறது. பொட்டாசியம் வெளியேற, செல்லின் மின்னழுத்தம் தாழ்கிறது. அடுத்த துடிப்புக்கான எல்லையைத் தொட அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இதோடு, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் வேதிப்பொருளின் அளவு குறைவதால் மின்னழுத்தம் ஏறும் சரிவும் மந்தமாகிறது. முதல் வழியில் இடைத்தரகர் எவரும் இல்லை என்பதால் விளைவு ஒரு நொடிக்குள், சில வேளைகளில் அடுத்த துடிப்பிலேயே தெரிந்துவிடுகிறது. அங்கே நிறைந்துள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி அந்த வேதிப்பொருளைச் சிதைத்துவிடுவதால் விளைவு அதே வேகத்தில் மறையவும் செய்கிறது. பரிவு நரம்பின் நார்அட்ரினலினோ பல வேதிப்படிகளைக் கடந்தே வேலை செய்ய வேண்டும்; அதன் விளைவு தொடங்கச் சில நொடிகளும், முழுமை பெற அரை நிமிடம் வரையும் ஆகலாம்.

ஆகவே உடலுக்கு உடனடியாக வேகம் தேவைப்படும்போது மூளைத்தண்டு முதலில் செய்வது முடுக்குவது அன்று, அடக்குதலை விலக்குவது. இறக்கத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே மிதிவண்டியை ஓட்டுபவர், வேகம் வேண்டுமென்றால் மிதிக்கத் தேவையில்லை, விரல்களைத் தளர்த்தினால் போதும். பேருந்தைப் பிடிக்க ஓடத் தொடங்கும் ஒருவருக்கு, ஓட வேண்டும் என்ற ஆணையை மூளையின் மேற்பகுதிகள் தசைகளுக்கு அனுப்பும் அதே கணத்தில் அதன் எதிரொலி முகுளத்துக்கும் போகிறது, தசைகளிலிருந்தும் செய்தி வருகிறது, வேகஸ் ஒதுங்குகிறது. நாடி ஏறத்தாழ 100ஐத் தொடும் வரை இந்த ஒதுங்குதலே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு மேலே போகப் பரிவு நரம்பும் அட்ரினலினும் வேண்டும். மாற்று இதயம் பெற்றவர்கள் உடற்பயிற்சியைத் தொடங்கும்போது நாடி உடனே ஏறாமல், இரத்தத்தில் அட்ரினலின் கூடிய பிறகு மெல்ல ஏறுவது இதனால்தான். பயிற்சியை நிறுத்திய முதல் நிமிடத்தில் நாடி சரிவது வேகஸ் திரும்பி வருவதன் அறிகுறி. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த ஒரு நிமிடத்தில் நாடி 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களுக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

வேகஸைத் திடீரென இயக்கும் அனிச்சைகள் பல உண்டு. முகத்தைக் குளிர்ந்த நீரில் ஆழ்த்தி மூச்சை அடக்கினால், முகத்தின் உணர்வை ஏந்தும் ஐந்தாவது கபால நரம்பு முகுளத்துக்குச் செய்தி அனுப்பி நாடியைக் குறைக்கிறது. கடலில் மூழ்கும் சீல் போன்ற விலங்குகளில் இது மிக வலிமையானது. மாறுகண் அறுவையின்போது கண் தசையை இழுத்தால் குழந்தையின் நாடி சரிவதும் இதே நரம்பு வழிதான். மயக்க மருந்து மருத்துவர்கள் இதை எதிர்பார்த்தே இருப்பார்கள். ஏ.வி. கணுவைச் சுற்றி மின் அலை சுழல்வதால் நாடி திடீரென 180, 200 என்று எகிறும் நோயாளிக்கு, முக்கி ஊதச் சொல்லி வேகஸைத் தூண்டுவது பழைய முறை. சாய்ந்து அமர்ந்த நிலையில் 15 நொடி ஊதியதும் நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்தால், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் கூடி, அழுத்தம் எழும்பி, வேகஸின் வீச்சு பெருகுகிறது. இங்கிலாந்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் பழைய முறையில் 17 விழுக்காட்டினருக்கும், இந்தத் திருத்திய முறையில் 43 விழுக்காட்டினருக்கும் இதயம் இயல்புக்குத் திரும்பியது. எந்த மருந்தும் இல்லாமல், உடல் நிலையை மாற்றுவதாலேயே கிடைத்த பலன் அது.

இரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுபவரிடம் நடப்பது இதன் மறுபக்கம். வேகஸ் ஓங்கி நாடி சரிகிறது, அதே நேரத்தில் பரிவு நரம்பு ஓய்ந்து குழாய்கள் தளர்கின்றன. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1932இல், வேகஸின் விளைவைத் தடுக்கும் அட்ரோபின் என்னும் மருந்தைக் கொடுத்து நாடியை உயர்த்திய பிறகும் அழுத்தம் மீளாததைக் கண்டு, மயக்கத்துக்கு வேகஸை மட்டும் பொறுப்பாக்க முடியாது என்பதை உணர்த்தினார். இப்படி மயங்கியவரைத் தூக்கி நிறுத்தாமல் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துவதே சரி.

நம் ஊர்களிலும் இலங்கையிலும் அவசரப் பிரிவு மருத்துவர்கள் இந்த உடலியங்கியலை வேறொரு துயரமான வழியில் அன்றாடம் எதிர்கொள்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடலுக்குள் போனால், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி முடங்குகிறது. நாடி தாழலாம், நுரையீரல் சளியால் நிறைகிறது. அட்ரோபினை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், நுரையீரல் தெளிந்து, நாடி 80ஐக் கடக்கும் வரை கொடுப்பது இதனால்தான். மஞ்சள் அரளி விதையின் நஞ்சும் வேகஸின் செயலைக் கூட்டி ஏ.வி. கணுவை அடைத்துவிடும், அங்கும் அட்ரோபின் பயன்படுகிறது, போதாதபோது தற்காலிக பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது.

மூளைத்தண்டு இறந்துவிட்டால் என்ன ஆகும் என்பது இந்தப் பாடத்தின் மிகக் கடினமான பகுதி. இந்தியச் சட்டம் 1994 முதல் மூளைத்தண்டு இறப்பை இறப்பாக ஏற்கிறது. அந்நிலையில் செயற்கைச் சுவாசக் கருவி ஓடிக்கொண்டிருந்தால் இதயம் சில காலம் துடிக்கத்தான் செய்யும், ஏனெனில் கணுவுக்கு மூளை தேவையில்லை. ஆனால் அட்ரோபின் கொடுத்தால் நாடி ஏறாது; தடுப்பதற்கு வேகஸின் செயலே அங்கு இல்லை. நாடியின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களும் மறைந்திருக்கும். திரையில் துடிப்பைப் பார்த்து, இன்னும் உயிர் இருக்கிறதே என்று கேட்கும் உறவினருக்கு இதைப் பொறுமையோடு விளக்க வேண்டியது மருத்துவரின் கடமை என்று கருதுகிறேன்.

கடைசியாக, பயிற்சிகள். நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் மெதுவாக மூச்சுவிட்டால் நாடியின் ஏற்ற இறக்கம் பெருகும் என்பது உண்மை. அந்தத் தாளம் அழுத்த உணர்விகளின் சுற்றோடு ஒத்துப்போகிறது. அமைதி கிடைப்பதும் உண்மை. ஆனால் ஏற்ற இறக்கம் பெருகுவது ஒன்று, சராசரி நாடி குறைவது வேறு. இரண்டாவது பெரும்பாலும் சிறிதளவே நிகழ்கிறது. தொடர்ந்த நடை, ஓட்டம் போன்ற பயிற்சியால் ஓய்வு நாடி குறைவது இன்னும் உறுதியானது, அதில் வேகஸோடு சைனஸ் கணுவில் ஏற்படும் மாற்றங்களுக்கும் பங்கு உண்டு. முதுகுப்புற வேகஸ் திரள் அச்சத்தில் நம்மை உறைய வைக்கிறது, நியூக்ளியஸ் அம்பிகுவஸ் பிறரோடு உறவாட வைக்கிறது என்று மனநிலைகளைத் திரள்களுக்குப் பங்கிட்டுத் தரும் விளக்கங்களை முகுளத்தின் சோதனைச் சான்றுகள் இதுவரை தாங்கவில்லை. வேகஸைத் தூண்டுவதற்காகக் கழுத்துத் தமனியைத் தேய்ப்பதும் கண்ணை அழுத்துவதும் வீட்டில் செய்யக் கூடாதவை. முன்னது தமனியில் படிவு உள்ளவருக்குப் பக்கவாதத்தையும், பின்னது விழித்திரைக்குச் சேதத்தையும் தரலாம்.

துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறிக்க, கைக்கடிகாரம் காட்டும் நாடி மாறுபாட்டு எண்ணைப் பிறருடைய எண்ணோடு ஒப்பிட்டு வருந்துவதில் பயன் இல்லை. வயது, உறக்கம், மூச்சின் வேகம், உடல்நிலை எல்லாமே அதை மாற்றும். ஒருவர் தம்முடைய பழைய எண்ணோடு, அதே நேரத்தில் அதே நிலையில் எடுத்ததை ஒப்பிட்டால் ஓரளவு பொருள் உண்டு. உண்மையிலேயே கவனம் தேவைப்படுபவர்கள் நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்கள். சர்க்கரை நரம்புகளைச் சிதைக்கும்போது நீளமான வேகஸ் தொடக்கத்திலேயே பாதிக்கப்படலாம்; ஓய்வு நாடி உயர்ந்தே இருக்கும், மாரடைப்பின் வலிகூடத் தெரியாமல் போகலாம். ஆறு ஆழ்ந்த மூச்சுகளின்போது உச்ச நாடிக்கும் தாழ்ந்த நாடிக்கும் உள்ள வேறுபாட்டை இ.சி.ஜி.யில் அளப்பது எளிய சோதனை: 15 அல்லது அதற்கு மேல் இயல்பு, 10 அல்லது அதற்குக் கீழ் குறைபாடு, முதியவர்களுக்கு வயதையும் கருத்தில் கொள்ள வேண்டும். எழுந்தால் தலை சுற்றுகிறது, ஓய்விலும் நாடி 100க்குக் கீழே வருவதில்லை என்று சொல்லும் நீரிழிவு நோயாளி எவரும் தம் மருத்துவரிடம் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறலாம்.